நீட்டிய காலும் வெற்றிக்காசும்

ரோமாபுரி நாணயச்சாலையில் முகாபோர் அளவுக்குச் சுத்தியல் போட ஆள் கிடையாது. டாசியா நாட்டுக்காரன். போரில் பிடிபட்டு அடிமையாக வந்தவன். இடது முழங்கால் மடங்காது. அந்தக் காலைக் கழிபோல ஊன்றிக்கொண்டு அவன் ஓங்கினால், ஒரே அடியில் வெள்ளி வில்லை காசாகிவிடும். அப்படிப்பட்டவன் எப்படித்தான் நாள் முழுக்கச் சிரித்தானோ!

அவன் நாட்டை வென்றதற்கே காசு அடிக்க உத்தரவு வந்தது. வெற்றித்தேவியின் காலடியில் டாசியாக் கைதி ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டும். அச்சு வெட்டுகிறவன் நான். பார்த்து வெட்ட ஓர் ஆள் வேண்டுமே?

"நான் உக்கார்றேண்ணே," என்றான் முகாபோர். "ஆனா காலை இப்பிடியே நீட்டித்தான் வெட்டணும்."

"எதுக்குடா?"

"இந்தக் காசு எங்க ஊர்ல இருக்கிற ரோமப் படைக்குத்தான் சம்பளமாப் போவுது. எம் பொண்டாட்டி ஸியா அந்தப் பாளையத்துலதான் பாலாடைக்கட்டி விக்கிறா. நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டிருப்பா. காலைப் பாத்தா கண்டுபிடிச்சிருவா."

உளியை எடுத்தேன். "சரி, உக்காரு. சிரிச்சுத் தொலைக்காதே, நீ கைதி!"

முதல் காசு விழுந்ததும் அதை உள்ளங்கையில் வைத்து, பக்கத்தில் தன் காலையும் நீட்டிப் பார்த்தான். "எனக்கும் இடப்பக்கம், இதுலயும் இடப்பக்கம். நானேதாண்ணே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கெடுத்தேனே குடியை! அச்சில் வெட்டுவது காசில் இடம் வலம் மாறித் திரும்பி விழும். எழுத்தைத் திருப்பி வெட்டிப் பழகிய கை, ஆளைத் திருப்ப மறந்துவிட்டது. காசில் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் நீட்டியிருந்தது வலது கால். சம்பளப் பைகள் புறப்பட மூன்றே நாள்தான் இருந்தது.

அச்சை உடைத்தேன். மேற்பார்வைக்காரர் குதித்தார். "நல்ல அச்சை ஏன்யா உடைச்சே?"

"விரிசல் விட்டிருச்சுங்க," என்று கூசாமல் புளுகினேன். இரண்டு நாள் கண் எரிய எரிய வேறொன்று வெட்டினேன்.

புதுக் காசைப் பார்த்ததும் முகாபோர் அலறினான். "நாசமாப் போச்சு! கால் மாறிடுச்சே! நல்லா இருந்ததைக் கெடுத்துட்டியேண்ணே!"

"வாயை மூடிட்டு எதிர்ல உக்காரு." நானும் தரையில் அமர்ந்து என் இடது காலை நீட்டினேன். "இப்ப நான்தான் நீ. நீ ஸியா. உனக்குக் கால் எந்தப் பக்கம் தெரியுது?"

என் காலைப் பார்த்தான். காசைப் பார்த்தான். மறுபடி என் காலைப் பார்த்தான். எழுந்துபோய்ச் சுத்தியலை எடுத்தான். அன்று முழுக்க அவனே அடித்தான், ஒருவரையும் மாற்றிக்கொள்ள விடவில்லை.

பைகளைக் கட்டும்போதுதான் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"மொதல்ல திட்டுவாண்ணே. 'இத்தனை நாளா எங்கய்யா போனே'ன்னு காசைப் பாத்தே திட்டுவா." சிரித்தான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்புறம் அதை எவனுக்கும் குடுக்க மாட்டா."