என் முதுகு நடித்த சினிமா

வளைகுடாவில், தேரா கடைத்தெருத் துணிக்கடை ஒன்றில் நான் விற்பனையாளனாக இருந்தபோது, சென்னைத் தமிழ் பேசும் ஒருவர் அடிக்கடி கடைக்கு வர ஆரம்பித்தார். எதையும் வாங்க மாட்டார். நான் மேல்தட்டிலிருந்து துணி எடுக்கத் திரும்பும்போதெல்லாம் என் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் எதிர்க் கண்ணாடியில் கவனித்தேன். கைப்பேசியில் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விசா கொடுத்த பொறுப்பாளியான கபீல் ஒருவர், நான் வேலை பார்த்ததோ வேறொருவர் கடையில்; பிடிபட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சோதனைக்கு வருகிறவர்களுக்குத் துப்புக் கொடுக்கும் ஆள் என்றே முடிவு கட்டினேன். முதலாளியிடம் சொன்னால், பக்கத்துக் கடைக்காரன் என்னை இழுக்க அனுப்பிய ஆளாக இருக்கும் என்றார். அன்றிலிருந்து என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கடைசியில் அந்த ஆளே வாயைத் திறந்தார். "பாய், காமெடிப் படம் எடுக்கறோம். பின்னாலேர்ந்து பாத்தா நீங்க எங்க காமெடியன் மாதிரியே இருக்கீங்க."

நடிகருக்குக் கணுக்கால் பிசகிவிட்டதாம். அவருக்குப் பதில் நான் ஓட வேண்டுமாம். முகம் தெரியாது, ஆனால் யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். அவர் பேசப் பேச எனக்குச் சந்தேகம்தான் கூடியது. பாஸ்போர்ட்டைக் கேட்பீர்களா என்றேன். சட்டை அளவு போதும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை படகுத்துறைக்குப் போனேன். கேமரா இருப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. காலில் கட்டோடு நாற்காலியில் இருந்த நடிகர் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். பிறகு, கடைக்கு வந்தவரான உதவி இயக்குநரிடம் மெதுவாகக் கேட்டார்: "நான் நிஜமாவே இவ்ளோ அகலமாவா இருக்கேன்?"

உதவி இயக்குநர் எனக்கு மாட்டிவிட்ட மஞ்சள் சட்டையை இழுத்துச் சரிசெய்தார். நடிகர் சிரிக்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, புறப்படும் அப்ரா படகில் தாவி ஏற வேண்டும். ஓடும்போதெல்லாம் போலீஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். முகம் தெரிந்துவிட, எடுத்ததெல்லாம் வீணாகிக்கொண்டிருந்தது. இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் நடிகரே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, எதற்குத் திரும்புகிறீர்கள் என்று கேட்டார்; போலீஸ் பயம் என்றேன்.

"நான் அந்தப் பக்கம்தான் பாத்துட்டு உக்காந்திருக்கேன். யாராவது வந்தா நானே கத்தறேன். நீங்க ஓடுங்க."

அந்த முறை திரும்பாமல் ஓடிப் படகில் ஏறிவிட்டேன்.

படத்தைப் பற்றி ஊருக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில மாதம் கழித்து மனைவி போன் செய்தாள். டிவிடியில் படம் பார்த்தாளாம்.

"மஞ்சச் சட்டை போட்டுட்டு ஓடுறது நீங்கதானே? உண்மையச் சொல்லுங்க, அங்க துணிக்கடையிலதான் வேலை பாக்கிறீங்களா, இல்ல சினிமாவுலயா?"

நான் எவ்வளவு சொல்லியும் அவளுக்குத் திருப்தியில்லை. முதலாளியிடம் போனைக் கொடுத்துப் பேச வைத்த பிறகுதான் நம்பினாள்.