ஈரோட்டு வக்கீல், எடிசன் பாராலீகல்

ஈரோட்டுக் கோர்ட்டில் ஆறு வருடம் கறுப்பு கோட்டு மாட்டி வாதாடியவள் பவளம். கல்யாணமாகி அமெரிக்காவில் எடிசன் நகருக்கு வந்தவள், கிரீன் கார்டு கிடைத்ததும் 1997-ல் பாராலீகல் வேலை தேடினாள். வக்கீலுக்கு உதவியாளர் வேலை அது. அதற்கு இன்ன படிப்பு வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் உள்ளூர் சர்டிபிகேட் இல்லாமல் எந்த ஆபீசும் அவளை உள்ளே விடவில்லை.

“பி.எல். முடிச்சவ மறுபடியும் அ, ஆ-விலிருந்தா?” என்று பொருமிக்கொண்டேதான் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாள். முதல் பாடமே பாராலீகல் செய்யக்கூடாதவை பற்றித்தான். கட்சிக்காரருக்குச் சட்ட யோசனை சொல்லக் கூடாது, கோர்ட்டில் வாதாடக் கூடாது. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு அவள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தன் ஆபீஸ் வக்கீலோடு கோர்ட்டுக்குப் போனாள்.

“வாதியின் வக்கீல் யார்?” என்றார் நீதிபதி.

பக்கத்திலிருந்த வக்கீல் எழுவதற்குள் பவளம் எழுந்துவிட்டாள். ஈரோட்டு வழக்கப்படி தலைகுனிந்து வணக்கமும் வைத்துவிட்டாள்.

“நீங்கள் வக்கீலா?”

“இல்லை, பாராலீகல்” என்று சொல்லி உட்கார்ந்தாள். நீதிபதி அன்பாகத்தான் சிரித்தார். அதுதான் தாங்கவில்லை.

இரவு சாப்பாட்டின்போது கணவன் பசுபதி கேலியாகக் கேட்டான்: “ஒரு வருசமா அந்தக் காலேஜ்ல அப்படி என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?”

“உக்காந்திருக்கறதுக்குத்தானுங்க சொல்லிக் குடுத்தாங்க” என்றாள் பவளம். “எனக்குத்தான் இன்னும் வரலீங்க.”