பொல்லடியில் ஏறிய என் கவி

எங்கள் வீட்டில் உப்பைக்கூடக் கேட்டுத்தான் எடுப்பார்கள். பாட்டை மட்டும் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள். வாப்பா, கம்பு தட்டி ஆடிப்பாடும் பொல்லடிக் குழுவின் தலைவர், அண்ணாவியார். காக்கா, என் அண்ணன், றபான் மேளம் அடிப்பார். உம்மா சோறு வடிக்கும்போதும் தாளம் தப்பாது. காலையில் அடுப்படியில் ஒருத்தர் முணுமுணுத்த மெட்டு அஸர் தொழுகைக்குள் வீடு முழுக்கச் சுற்றிவிடும். யார் கட்டியது என்ற கேள்வியே கிடையாது. கவி என்றால் ஊருக்குச் சொந்தம், அவ்வளவுதான். நானும் பாட்டுக் கட்டுகிறவள். இப்படிப் பலதைப் பறிகொடுத்திருக்கிறேன். கோபம் வரும், பெருமையும் வரும்.

ஆனால் இந்தக் கவி அப்படிப்பட்டதல்ல. கட்டாரில் வேலை செய்யும் என் கணவர் ஒப்பந்தத்தை மறுபடி நீட்டப்போவதாகச் சொல்லியிருந்தார். அந்த வாரம் கையெழுத்து. வேண்டாம் என்று நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குரல் பதிவாக அனுப்பலாமென்று ஒரு கவி கட்டி, எங்கள் அடுப்படியில் தேங்காய் துருவும்போது பாடிப் பார்த்தேன். அனுப்பத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெருவில் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் வாப்பாவின் ஆட்கள் பொல்லடித்து வந்தார்கள். நான் என் மாமியாரோடு கேற்றடியில் நின்றேன். ஒலிபெருக்கியில் வாப்பா எடுத்தார்:

கட்டார் வெயில் உனக்கு மச்சான்
கல்முனையில் வேகிறன் நான்
காசு வந்து சேருதிங்க
காலடியக் காணல்லியே

அது என் கவி. "வேகிறன் நான்" என்று தாடி வைத்த ஆம்பிளைகள் பொல்லைத் தட்டித் திருப்பிப் பாடுகிறார்கள். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். வாப்பா பழைய கவி என்று நினைத்திருப்பார். பழைய கவிக்குள் கட்டார் எப்படி வந்தது என்றுகூட யோசிக்காத மனிதர்.

மாமி என் பக்கம் திரும்பினார். மகனை உழைக்க விடாதவள் என்று இவர் முடிவு கட்டிவிட்டார், என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"நீ கட்டினதா மகள்?"

"ஓம் மாமி."

"அவனுக்கு அனுப்பிட்டியா?"

"இல்ல."

அவர் முக்காட்டை இழுத்துவிட்டார். "இவன்ட வாப்பா சவூதிக்குப் போகக்குள்ள, போகவேணாமெண்டு சொல்ல எனக்கும் ஆசதான். வாயப் பொத்திக்கிட்டு இருந்திட்டன். அங்கேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கிட்டாங்க. முகத்தக்கூடக் காணல்ல நான்."

இத்தனை வருடத்தில் இதை அவர் யாரிடமும் கதைத்ததில்லை.

"போன எடு. இப்பவே அனுப்பு."

குரல் பதிவை அழுத்திப் போனைத் தூக்கிப் பிடித்தேன். வாப்பா மறுபடி முதலடியை எடுத்தார். என் காதருகே இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. மாமி பாடி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.