நிலம் பார்த்தவர்களின் பதில்

கேட்டு வந்தவரின் முகத்துக்கு நேரே "ஏலாது" என்று சொல்வது சீனித்தங்கத்தின் ஊரில் பெரிய மரியாதைக்கேடு. வெருகலுக்கு அப்பால், கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பின் ஓரத்தில் இருக்கும் சின்ன வேடர் குடியிருப்பு அது. வெளியூரார் நண்டு பிடிக்க இடம் கேட்டு வந்தால், விருப்பமென்றால் வெற்றிலை கொடுப்பார்கள். இல்லையென்றால் பேசாமல் நிலத்தைப் பார்ப்பார்கள். வந்தவர் விளங்கிக்கொண்டு எழும்பிப் போவார்.

களப்புச் சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரங்களுக்குள் நண்டு பிடித்துத்தான் சீனித்தங்கம் தனியாளாக இரண்டு பெண்களை வளர்த்தாள். நண்டு சினைப்படும் மாதங்களில் அடுப்பு எரியாவிட்டாலும் அங்கே கால் வைக்கமாட்டாள்.

அந்தக் கண்டலை வெட்டி இறால் பண்ணை போடுவதற்காக, வேடர் சனத்தின் நலனுக்கென்று அரசாங்கம் போட்ட அதிகாரி கூட்டம் வைத்தார். உட்காரக் கதிரைகள் அவருக்கும் இறால் கொம்பனிக்காரருக்கும், சனம் மணலில். கடைசியில், "ஆருக்கும் மறுப்பு இருக்கா?" என்று கேட்டார். அத்தனை பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். இதைவிட உரக்க எப்படி மறுப்பது? "நல்லது" என்று அவர் எழும்பிப் போனார். விளங்கிக்கொண்டார் என்றே சனம் நினைத்தது.

அடுத்த கிழமை மரங்களைப் பிடுங்கிச் சாய்க்கும் பெக்கோ இயந்திரம் வந்தது. முதல் மரம் சாய்ந்த சத்தம் கேட்டு ஓடிய சீனித்தங்கம் அதன் முன்னால் போய் நின்றாள். ஓட்டி வந்தவன் கிண்ணியா ஊர்க்காரன் நஸ்ரி.

"தள்ளுங்க அக்கா. எல்லாரும் ஓம் எண்டனீங்களாமே!"

"ஆர் சொன்னது? நாங்க நிலத்தைப் பாத்துக்கொண்டெல்லோ இருந்தனாங்க!"

நஸ்ரி எஞ்சினை நிறுத்தினான். "வெத்தில குடுக்கல்லியா?"

"தண்ணியே குடுக்கல்ல."

"அப்ப அது ஏலாதுதான். எங்கட வாப்பா இங்க இடம் கேட்டு வந்து எத்தின தரம் வெறுங்கையோட திரும்பினவர்!" அவன் இறங்கிவிட்டான்.

ஜீப்பில் வந்த அதிகாரி கத்தினார். "அண்டைக்கு வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தனீங்க?"

சீனித்தங்கத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நண்டு பிடிக்க வருகிறவனுக்குக்கூட விளங்கும் பதில், இந்தச் சனத்துக்கென்றே சம்பளம் வாங்குகிறவருக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

"முகத்துக்கு நேர சொல்லிப்போடாத, புள்ள. வெக்கம்," என்று பின்னால் ஓடிவந்து கூடிய சனத்துக்குள்ளிருந்து அவளுடைய மாமி முணுமுணுத்தார்.

"நாங்க வெக்கப்பட்டதாலதான், மாமி, பெக்கோ வந்து நிக்குது." அதிகாரியின் கண்ணைப் பார்த்தாள். "ஏலாது."

மாமி வெற்றிலையைத் துப்பினார். "ஏலாது." பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் சொன்னார்கள்.

"சரி, சரி, திரும்பக் கூட்டம் வைப்பம்" என்றார் அதிகாரி.

"வையுங்க. கதிரை கொண்டு வராதீங்க. நீங்களும் மணலில இருந்து கேளுங்க."

பெக்கோ திரும்பிப் போனது. சாய்ந்த கண்டல் சேற்றில் கிடந்தது.