திரும்பி வந்த பை

அந்த மாணவியை நான் பார்த்தது இரண்டே முறை. கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி, இலங்கை அகதிகள் முகாமுக்குத் துணி சேர்த்தாள். ஒல்லியான பெண், கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. நானும் ஒரு பை நிறையக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அதே பையோடு வந்து நின்றாள். வாங்கிய துணி ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, ஆகாததைக் கொடுத்த வீட்டிலேயே திருப்பிக் கொடுப்பது அவள் வழக்கமாம். என் மனைவியின் புடவையை என் முன்னாலேயே விரித்தாள். இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை, உள்ளங்கை அகலம். அது வெளியே தெரியாமல் மடித்து வைத்தவன் நான்தான்.

எனக்குக் கோபம் வந்தது. "இன்னாம்மா இது? ஒண்ணுமில்லாம வந்தவங்களுக்கு இதுகூடவா ஆவாது?"

"அவங்க வந்து முப்பது வருசத்துக்கு மேல ஆவுது சார். தெனம் வேலைக்குப் போறாங்க. இதக் கட்டிக்கினு உங்க வூட்டம்மா கடைத்தெருவுக்குப் போவாங்களா? கேட்டுச் சொல்லுங்க."

குரலை உயர்த்தவில்லை. ஓட்டை உள்ளே போகும்படி, நான் மடித்திருந்த மாதிரியே மடித்து என் கையில் வைத்தாள். திருப்பிக் கொடுக்க அவளிடம் இன்னும் நாலைந்து பைகள் இருந்தன.

திமிர் பிடித்தவள் என்று மனைவியிடம் சொன்னேன்.

மறுவாரம் தெரு கூட்டும் அம்மாள் வந்தபோது, "நல்ல புடவை, கட்டிக்கம்மா" என்று அதை எடுத்துக் கொடுத்தேன். அந்த மாணவி மடித்துத் தந்த மடிப்பை நான் கலைக்கவில்லை.