எந்த சர்க்கார் தரும்?

தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்குக் கொடுத்தது போக நானூறு ரூபாய் கையில் சேர்ந்தது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா பெருங்கடவிளைச் சந்தையில் நல்லமிளகு வாங்கி விற்றவர். மாநில எல்லை இன்னும் பிரிக்காத காலம் அது; எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற கூட்டங்களுக்கெல்லாம் போய்வந்துகொண்டிருந்தார்.

"களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பத்து சென்ட் விலைக்கு உண்டு, மக்கா. எல்லை பிரிச்சா அதும் நம்ம ஊரும் தமிழ்நாட்டுகூடதான் போவும். தைரியமா வாங்கு," என்றார்.

என்னோடு வேலை பார்த்த மலையாள ஆசிரியை ஒருத்தர் இருந்தார். சேச்சி என்றுதான் கூப்பிடுவேன். வட்டியை அவர் பலிசை என்பார், போதும் என்பதை மதி என்பார். "பூமி வாங்கினா வேலி கெட்டணும், ஆளு வைக்கணும். பேங்கில் இட்டா பலிசை வரும், நீ சும்மா இருந்தா மதி," என்றார். நெய்யாற்றின்கரையில் ஒரு சின்ன வங்கியில் அவர் ஏற்கெனவே போட்டிருந்தார்.

அப்பா பேசும்போது நிலம்தான் சரி என்று தோன்றும். பள்ளிக்குப் போய்ச் சேச்சி பேசினால் வங்கிதான் சரி என்று தோன்றும். நம் ஊர் எந்த மாநிலத்தில் இருக்கும் என்பதே தெரியாதபோது எதை நம்பி எங்கே போடுவது? கடைசியில் அப்பா ஒரு சனிக்கிழமை பத்திரம் பதிய நாள் குறித்துவிட்டார். நானும் சரி என்றேன்.

பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அப்பாவோடு பஸ் ஏறினேன். பாறசாலையில் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் வந்ததால் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள்.

"நீ இங்க நில்லு. தெரிஞ்சவங்க போறாங்க, பாத்திட்டு வாறேன்," என்று அப்பா கூட்டத்துக்குள் போனார். சற்று நேரத்தில் போலீஸ் லத்தியோடு இறங்கியது. கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டே போய்த் தபாலாபீஸுக்குள் சேர்த்தது. போஸ்ட்மாஸ்டர் கதவைச் சாத்தினார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார்.

"என்ன காரியத்துக்கு வந்தது?" என்று கேட்டார். ஒளிந்துகொள்ள வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "பைசா போட," என்றேன்.

அவர் சேமிப்புப் பத்திரம் பற்றிச் சொன்னார். சில வருடம் தொடக்கூடாது, பிறகு வட்டியோடு கிடைக்கும், சர்க்கார் தரும்.

"எந்த சர்க்கார்?"

அவர் சாத்திய கதவைப் பார்த்தார். "முந்தி இது மகாராஜாவுக்க அஞ்சலாபீஸ். இப்ப டெல்லிக்க தபாலாபீஸ். நாளைக்கு நாம திருவனந்தபுரமா மெட்ராசா, எனக்கு அறியாது. இந்தப் பேப்பரில டெல்லிக்க முத்திரையாக்கும் இருக்கு."

வெளியே யாரோ அலறும் சத்தம் கேட்டது. நான் முடிச்சை அவிழ்த்து இருநூறு ரூபாய் கொடுத்தேன். ஏன் பாதி மட்டும் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அப்பா சட்டை கிழிந்து, தோளில் அடிபட்டு வந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும், "அப்பம் அந்த வஸ்து?" என்று நிலத்தைக் கேட்டார். மீதிப் பணத்துக்கு அந்த நிலம் கிடைக்காது. வீடு வரைக்கும் நடந்தே வந்தோம். மறுவாரம், மிச்சத்தையாவது உருப்படியாகச் செய்வோம் என்று சேச்சியோடு போய் வங்கியில் போட்டேன்.

எல்லை பிரிந்தபோது களியக்காவிளை தமிழ்நாட்டுக்குப் போனது. நாங்கள் கேரளத்தில் நின்றோம். அப்பா மூன்று நாள் சந்தைக்குப் போகவில்லை. அந்தப் பத்து சென்டை வாங்கிய ஆள் பிறகு அங்கே கடைகள் கட்டி நல்ல வாடகை வாங்கினார். அதற்கிடையில் நெய்யாற்றின்கரை வங்கி கதவை அடைத்துவிட்டது. என் இருநூறில் கொஞ்சம், அதுவும் தவணை தவணையாகத் திரும்பி வந்தது. சேச்சி இழந்தது பெரிய தொகை.

சேமிப்புப் பத்திரத்தின் காலம் முடிந்து நான் பணம் வாங்கிய நாளில் சேச்சி என்னிடம் கேட்டார்: "நீ பேங்கில் இடாம பாதியை எடுத்து வச்சது எங்ஙனெ? பேங்கு அடைக்கும்னு உனக்கு ஆரு சொன்னது?"

"யாரும் சொல்லல்ல சேச்சி. போலீசுக்குப் பயந்து தபாலாபீஸுக்குள்ள ஏறினேன்."

அவர் நம்பவில்லை. தெரிந்துகொண்டே தன்னிடம் மறைத்துவிட்டேன் என்று நினைத்தார். அதுவரை என்னோடு சேர்ந்து நடந்தவர், அந்த வருடம் முழுவதும் பள்ளிக்கு எனக்கு முன்னால் தனியாக நடந்து போனார்.