பதினான்காம் போத்தல்

அண்ணனைத் தகனம் செய்துவிட்டு ரொக்ஸ்பரோவில் இருந்த அவர் வீட்டுக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, அவர் உயிரோடு விட்டுப்போன ஒன்றைக் கொன்றது.

சாவு நடந்த வீட்டைக் கழுவ வேண்டும், பழைய சமையல் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அண்ணி சுருண்டு படுத்திருந்தார். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத அவசரக்குடுக்கை நான். ஃபிரிட்ஜைத் திறந்து குழம்பு, சோறு எல்லாவற்றையும் சிங்கில் கொட்டினேன். பின்னால் ஒரு ஜாம் போத்தல் நின்றது. அடியில் வெள்ளையாக ஏதோ படிந்து, மேலே கலங்கல் தண்ணீர். புளித்துப்போன தோசை மா என்று நினைத்தேன். மூடியில் ஒட்டியிருந்த துண்டுச்சீட்டைக்கூட வாசிக்காமல் அதையும் கொட்டி, போத்தலைக் குப்பைப் பெட்டியில் எறிந்தேன்.

மூன்றாம் நாள் அண்ணி கேட்டார்.

"தம்பி, அவரின்ரை ஈஸ்ட் போத்தலைக் காணேல்லை. நீங்கள் கண்டனீங்களோ?"

நான் சிங்கில் கொட்டியது அதைத்தான். அண்ணன் பேஸ்மென்டில் பியர் காய்ச்சுபவர். ஈஸ்ட் பாக்கெட்டை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் வாங்கினார். பியரை வடித்தெடுத்ததும் அடியில் தங்கும் சேற்றில் கொதித்தாறிய தண்ணீர் விட்டுக் குலுக்குவார். கசடு கீழே இறங்க, மேலே பால் மாதிரி நிற்பதை ஜாம் போத்தலில் ஊற்றி எடுத்து வைப்பார். அடுத்த பியருக்கு அதுதான் விதை. இப்படிப் பதினான்கு முறை. அவருடைய பியரில் கதலிப்பழம் மணக்கும். "உதுக்கு உயிர் இருக்கடா, கனநாள் பட்டினி போடக் கூடாது" என்பார். நான் அவரைக் கேலி செய்வேன்.

"பயப்பிடாதேங்கோ அண்ணி, என்ரை வீட்டிலை கொண்டுபோய் வைச்சிருக்கிறன்" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

சாவின் எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையலில், அண்ணனுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். நண்டுக்கறி, பொரித்த மீன், அவர் காய்ச்சியதில் மிஞ்சிய கடைசிப் பியர். சித்தப்பா அதைத் திறந்து கிளாசில் சரித்தார். வடிகட்டாத பியரின் அடியில் எப்போதும் கொஞ்சம் ஈஸ்ட் கிடக்கும் என்று அண்ணன் சொன்னது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது.

"ஐயோ, அடியை ஊத்தாதேங்கோ!"

கத்திக்கொண்டு பாய்ந்து போத்தலைப் பறித்தேன். படையல் முன்னால் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மூளை பிசகிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். சொந்த அண்ணனின் படையலில் கைவைத்தவனை வேறு என்னவென்று நினைப்பது? போத்தல் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் ஈஸ்டுக்குத் தீனியாக மால்ட் எனும் முளைப் பார்லி மாவைக் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்து, அந்த இரண்டு கரண்டி மண்டியை அதில் விட்டேன். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் போர்வை சுற்றினேன். வேலைக்குப் போகவில்லை. முதல் நாள் ஒரு குமிழிகூட இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள், பியர் வாசனையே பிடிக்காத நான், அதன் முன்னால் முழந்தாளிட்டு "வாடா, வாடா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் அண்ணி வந்தார். குனிந்து கண்ணாடியில் காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"ஏதோ இரையுது, தம்பி."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"ஓம் அண்ணி" என்றேன்.

மறுநாள் காலை புவாண்ட்-கிளேரில் பியர் காய்ச்சும் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். ஈஸ்டில் அத்தனை வகை இருக்கும் என்று யார் கண்டது? அண்ணன் வாங்கியது எதுவென்று எனக்குத் தெரியாது. கைக்குப் பட்ட பாக்கெட்டை எடுத்துவந்து கொட்டினேன். பின்னேரமே பொங்கி வழிந்தது. அண்ணிக்கு போன் செய்து "நுரைக்குது" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறார் என்று நினைத்தேன்.

அதையே விதையாக ஊற்றிப் பியர் காய்ச்சினேன். ஒரு மாதம் கழித்து முதல் போத்தலை அண்ணியிடம் கொண்டுபோனேன். அவர் குடிப்பவரல்ல. கிளாசை மூக்கருகே பிடித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"கதலிப்பழம் மணக்கேல்லை."

"குளிர் கூடிப்போச்சாக்கும்."

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு ஜாம் போத்தலைக் கொண்டுவந்தார். கழுவித் துடைத்திருந்தது. மூடியில் ஒட்டிய துண்டுச்சீட்டில் அண்ணனின் கையெழுத்தில் 14.

"அண்டைக்கே குப்பைப் பெட்டியிலை கண்டு எடுத்தனான். தெரிஞ்சுகொண்டுதான் உங்களைக் கேட்டனான். பேந்து நீங்கள் அந்த அடியைப் பறிச்சுக்கொண்டு ஓடேக்கை, அது வருமெண்டு நானும் நம்பினனான், தம்பி."

அண்ணி கேட்ட அந்த மூன்றாம் நாளே "நான்தான் கொட்டினனான்" என்று சொல்லியிருந்தால், காத்திருக்கவும் அழவும் அவருக்குத் துணையாக ஒரு ஆளாவது இருந்திருக்கும்.